எல்லாரையும் மிதிச்சு முடிச்சிருந்தா உங்களுக்குத் திருப்தியா?

போதுமுங்க. இனியும் வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால ஆகாது.

"ஒரு பொம்மைப் படத்து முடிவுக்கா இந்தக் குமுறல்?" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டியும் ஒரு தொடர்கதையின் முடிவுக்காகக் குமுறியவர்கள்தான். 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, இப்படிச் சட்டென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கப்போய், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆசையாய்ப் படித்த கதை முடிந்தால் வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானியப் படக்கதை. 2009இல் அதை வரையத் தொடங்கியபோது ஹாஜிமே இசயாமாவுக்கு வயது 23. 139 அத்தியாயம், 34 தொகுதி என்று ஓடி 2021 ஏப்ரலில் முடிந்த கதை. 2013இலிருந்து அனிமேவாகவும் வந்து, அதன் கடைசிப் பகுதி 2023 நவம்பரில் வெளியானது. பெரிய சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஜனம். வெளியே மனுசனைத் தின்னும் பூதங்கள். அம்மாவைப் பூதத்துக்குப் பறிகொடுத்த எரன் என்ற பையன், ஒன்று விடாமல் அழிப்பேன் என்று சபதம் போடுகிறான். அங்கே தொடங்குகிறது. போகப் போகத்தான் தெரிகிறது, அந்தப் பூதங்களே அவன் இனத்து மனிதர்கள் என்று. கடலுக்கு அக்கரையில் ஒரு உலகமே இருக்கிறது, அந்த உலகம் முழுக்க இவர்களைப் பிசாசுப் பிறவிகள் என்று வெறுக்கிறது. கடைசியில் எரன் சுவருக்குள் புதைந்து கிடந்த ராட்சதப் பூதங்களை எழுப்பி உலகத்தை மிதிக்க விடுகிறான். பத்துப் பேரில் எட்டுப் பேர் சாகிறார்கள். அவனோடு வளர்ந்த கூட்டாளிகளே குறுக்கே நிற்கிறார்கள். அவனை உயிராய் நேசித்த மிகாசாதான் அவன் தலையை வெட்டுகிறாள். பூத சக்தி இந்த உலகத்தை விட்டே போகிறது. பகை போகவில்லை. பல காலம் கழித்து அதே ஊரில் மறுபடியும் குண்டு விழுகிறது. அதோடு முடிகிறது.

இதற்குத்தான் உலகம் முழுக்க ரசிகர்கள் ரெண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டார்கள். துரோகம் என்றார்கள். கோழைத்தனம் என்றார்கள். பத்து வருசம் வீணாய்ப் போச்சு என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் ஆயுசில் என்னிடம் பொய் சொல்லாமல் முடிந்த ஒரே கதை அதுதான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நான் யார் என்று முதலில் கேளுங்கள்.

எனக்குச் சத்தியமங்கலம் பக்கம். பூ மார்க்கெட்டும் பண்ணாரி அம்மனும் திம்பத்து 27 கொண்டை ஊசி வளைவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடக்கே மலை, மேற்கே 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணை. இசயாமா பிறந்த ஊரும் இப்படி மலை சூழ்ந்த ஊர்தானாம். அவர் ஊர்ப் பக்கத்து ஓயாமா அணையில், அணைச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் எரன், மிகாசா, அவர்களின் கூட்டாளி ஆர்மின் மூன்று பேருக்கும் 2020இல் சிலை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த சுவர் அணையிலும் இல்லை, மலையிலும் இல்லை. ஊருக்கும் எங்கள் ஜனம் இருக்கும் வளவுக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெரியவர் "எந்த ஊரு தம்பி?" என்பார். சொல்லுவேன். அதோடு விட மாட்டார். "ஊருக்குள்ளயா? எந்தப் பக்கம்? கோயில்கிட்டயா, அக்கட்டாலயா?" ஒவ்வொரு கேள்வியாய் இறங்கி இறங்கி வளவில் வந்து நிற்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எங்கள் தாத்தா எழுபது வயசில், மீசை முளைக்காத பையனை "வாங்க சாமி" என்பார். அந்தப் பையனின் அப்பாவை "பண்ணாடி" என்பார். பண்ணாடி எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அந்தப் பையன் எங்கள் தாத்தாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். "ஏண்டா, நேத்து வேலைக்கு வரல?" என்பான். தாத்தா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அதனால்தான் மூன்றாவது சீசனில், சின்னப் பையனாக எரனின் அப்பா கிரிஷாவும் அவன் தங்கச்சி ஃபேயும் வந்தபோது எனக்கு மூச்சு நின்றது. எரனின் இனமான எல்டிய இனத்தாரை ஒரு கொட்டடி மாதிரியான பகுதியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே வரக் கூடாது. கையில் பட்டை கட்டாமல் நடமாடக் கூடாது. வானத்தில் ஆகாயக் கப்பல் போகிறது. குழந்தைகள்தானே, கிட்டத்தில் பார்க்கலாம் என்று வாசலைத் தாண்டி ஓடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். அண்ணன் அடி வாங்குகிறான். தங்கச்சியை வீட்டில் விடுகிறேன் என்று கூட்டிப் போன அதிகாரி, அவளை நாய்களுக்குப் போடுகிறான். மறுநாள் ஆற்றில் பிணம். வீட்டு வாசலுக்கு வந்து சேதி சொல்லும் அந்த அதிகாரியின் முன்னால், பெற்ற அப்பன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். தன் பிள்ளைகள் எல்லை தாண்டியதற்காக.

அந்த இடத்தில் எங்கள் தாத்தாவின் துண்டு எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு என்ன தெரிந்தது? "செம பிளாஷ்பேக்" என்று சொல்லிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போனீர்கள்.

கைப்பட்டை கற்பனை என்றா நினைக்கிறீர்கள்? தெற்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். அதைத் தடுக்கச் சொல்லி 2019இல் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அன்றைக்குப் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான கோபிக்காரர். அந்தச் சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமலே போய்விட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். தொடர்ந்தது. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி ராத்திரி, நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தலித் பையனை அவனோடு படித்தவர்களே வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டார்கள். கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதி காட்டும் எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அதை எதிர்த்து எத்தனை குரல் எழுந்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் பக்கம் கயிறு எதற்கு? எந்தத் தெரு என்று கேட்டாலே போதுமே.

அந்தக் கதையில் இன்னொரு பட்டையும் உண்டு. சிவப்புப் பட்டை. எல்டியப் பிள்ளைகளில் யார் ஆள்பவர்களான மார்லேயர்களுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்களோ, அவர்களுக்கு அதைக் கட்டி "கௌரவ மார்லேயர்" ஆக்குவார்கள். அதைக் கையில் கட்டிக்கொள்ளத் தன் சொந்த ஜனத்தையே பிசாசு என்று கத்தும் பெண் குழந்தை காபியைப் பார்த்து நீங்கள் எல்லாரும் எரிச்சல்பட்டீர்கள். எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அந்தச் சிவப்புப் பட்டையை நானும் கட்டியிருந்தேன். "நீயெல்லாம் வேற மாப்ள, உங்க ஆளுங்க மாதிரி கெடையாது" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கட்டிவிட்டவன், என் கூட்டாளி.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஊரெல்லாம் இலவச டேட்டா. அவன் கையில் புதுப் போன். பள்ளிக்கூடம் விட்டு அவன் தோட்டத்துக்குப் போவோம். வீட்டுக்குப் போக முடியாது. அவன் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும். நான் திண்ணை ஏறினால் அவனுக்குத்தான் திட்டு விழும். தோட்டத்து மோட்டார் ரூமில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்ப்போம். மோட்டார் ஓடினால் சத்தம் கேட்காது. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக்கொள்வோம். அவனுக்கு இங்கிலீஷ் தகராறு. நான்தான் தமிழில் சொல்லுவேன். எரன் சபதம் போட்டபோது ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புல்லரித்தது. தண்ணி தாகம் எடுத்தால் வாய்க்காலில் ரெண்டு பேரும் குனிந்து குடிப்போம். அங்கே டம்ளர் இல்லை. அதனால் அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படி ஏழு வருசம் வளர்ந்த சிநேகம். படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகும், புதுப் பகுதி வந்தால் அவனோடுதான் பார்ப்பேன்.

2023 நவம்பர். கடைசிப் பகுதி. அவன் தோட்டத்துச் சாளையில் பெரிய டிவி வைத்துப் பசங்க எல்லாரும் கூடியிருந்தோம். புரோட்டாப் பொட்டலமும் கூல்டிரிங்ஸும் அவன் வாங்கி வைத்திருந்தான். மிகாசா எரனை வெட்டிய இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். நாங்குநேரி நடந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. எது எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியாது.

படம் முடிந்ததும் அவன்தான் முதலில் பேசினான்.

"தூ, இதுக்கா இத்தனை வருசம் காத்துக் கெடந்தோம்? மிச்சம் இருக்கற இருபது பர்சன்டையும் மிதிச்சு முடிச்சிருக்கோணும் மாப்ள. எதிரின்னு வந்துட்டா மிச்சம் வெக்கக் கூடாது."

"அப்ப அந்த ராம்ஸி?" என்று கேட்டேன்.

ராம்ஸி யாரென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். திருடினான் என்று சிலர் கூடி அடிக்கும் அகதிச் சிறுவன். எரன்தான் அவனைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிவிட்டு அவன் முன்னால் மண்டி போட்டு அழுகிறான். நாளைக்கு உன்னையும் நான்தான் கொல்லப் போகிறேன் என்று தெரிந்து அழுகிறான். அந்தப் பையனுக்குப் பாஷை புரியாது. எதற்கு அழுகிறான் இந்த அண்ணன் என்று பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு பூதங்கள் வரும்போது, சேர்த்து வைத்த காசு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தம்பியும் அண்ணனும் ஓடுவார்கள். பூதத்தின் கால் அவன் மேல் இறங்குவதைக் காட்டுவார்கள். அந்தப் பையன் யாருக்கு எதிரி?

என் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்க ஆளுங்களுக்கு எப்பவுமே அழுகாச்சிதாண்டா புடிக்கும்."

உங்க ஆளுங்க. ஏழு வருசம் கழித்து. சாளையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்தன்கூட "என்னடா பேசற?" என்று கேட்கவில்லை. ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், நான் அழும் முகம் ஸ்டிக்கராக வந்தது. நான் அழுததை ஒருத்தன் மறைவாகப் படம் பிடித்திருக்கிறான். கீழே எழுதியிருந்தது: "வளவு ஆர்மின்".

படித்தீர்களா? மறுபடியும் படியுங்கள். வளவு ஆர்மின். என்னோடு யூரியா மூட்டை மேல் உட்கார்ந்தவன் அதற்குச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான். நான் ஏன் என்று கேட்டேன். "ஜோக்குடா, இதுக்குப் போயி சாதியக் கொண்டாராத" என்றான். சாதியைக் கொண்டு வந்தவன் நானா? நானா கொண்டு வந்தேன்? அரை மணி நேரத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அன்றையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முடிவை வெறுப்பவர்கள் சொல்லும் காரணம் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

எரன் அழுதுவிட்டான் என்கிறார்கள். ஆர்மின் முன்னால், சாக வேண்டாம் என்கிறான். மிகாசா தன்னை மறந்து வேறொருத்தனோடு போய்விடக் கூடாது, பத்து வருசமாவது தன்னையே நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி புலம்புகிறான். அதை வைத்து எத்தனை மீம்! எங்கள் சிங்கத்தைப் பொட்டையாக்கிவிட்டார்கள் என்று எத்தனை ஓலம்! கோடி கோடியாகக் கொன்றவன் உள்ளுக்குள் இவ்வளவுதான், ஒரு பயந்த பையன்தான் என்று காட்டியதில் உங்களுக்கு என்ன வலி? கொன்றவன் கம்பீரமாக இருந்தாக வேண்டும், இல்லையா? இந்தக் கொங்கு மண்ணில் அதையும் பார்த்தோமே. 2015இல் தலித் இளைஞன் கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்டவர் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசப் பேச, அந்தக் குரலைப் பகிர்ந்து கொண்டாடியவர்கள் இல்லையா? 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொண்டாடிய வாய்களில் எத்தனை வாய் அதற்கப்புறம் வெட்கப்பட்டது? கொலைகாரனுக்குக் கட் அவுட் வைக்கிற கண்ணுக்கு, கொலைகாரன் அழுவது அசிங்கமாகத்தான் தெரியும். இசயாமா அந்தக் கட் அவுட்டைச் சாய்த்தார். அந்தக் கோபம்தான் உங்களுக்கு.

ஆர்மின் எரனுக்கு நன்றி சொன்னான் என்கிறார்கள். 2021இல் வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எங்களுக்காகக் கொலைகாரன் ஆனாயே என்ற மாதிரி ஒரு பேச்சு. அது எனக்கும் முள்ளாய்க் குத்தியது. ஆனால் 2023இல் அனிமே வரும்போது அதை மாற்றினார்களே! நன்றி இல்லை. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, நரகத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்கிறான் ஆர்மின். சிநேகிதன் செய்த கொலையை நியாயப்படுத்தாமல், அதே நேரம் "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று கை கழுவாமல், கூட நின்று பழியை ஏற்றுக்கொள்கிறான். எனக்கு அப்படி ஒரு சிநேகிதன் இருந்தானா? அந்தச் சாளையில் ஒரே ஒருத்தன், "நாம சிரிச்சது தப்புடா" என்று சொன்னானா?

கடைசியில் மறுபடியும் சண்டை வருகிறதே, அப்புறம் எதற்கு இத்தனை சாவு, இத்தனை தியாகம், எல்லாம் வீண்தானே என்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்த டீக்கடைகள் இருந்தன. அதற்கப்புறமும் நாங்குநேரி. அப்படியானால் அந்தச் சட்டம் வீணா? அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் வீணா? எங்கள் தாத்தா கும்பிட்ட கையை எங்கள் அப்பா கீழே இறக்கினாரே, அதற்கு அவர் வாங்கிய அடி வீணா? ஒருநாள் காலையில் எழுந்தால் பகை எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிற சொகுசு உங்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு இல்லை. மறுபடியும் வரும் என்று தெரிந்தேதான் எங்கள் ஜனம் ஒவ்வொரு படியாய் ஏறியது. ஆர்மினும் அவன் கூட்டாளிகளும் அப்படித்தான் சமாதானம் பேசக் கப்பல் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் தங்கள் தீவு துப்பாக்கி தூக்கி நிற்கிறது, மறு பக்கம் மிச்சமிருக்கும் உலகம் முறைத்துக்கொண்டு இருக்கிறது. ஜெயிப்போம் என்று யாரும் அவர்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. ஆனாலும் போகிறார்கள். அதை விடப் பெரிய வீரம் அந்தக் கதை முழுக்க வேறெங்கே இருக்கிறது?

அவசரமாக முடித்துவிட்டார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இன்னும் சில அத்தியாயம் வரைந்திருக்கலாம் என்று சொல்லுங்கள், அதுவும் சரி. அதையெல்லாம் சண்டை இல்லாமல் பேசலாம். ஆனால் நீங்கள் வரைந்தவரை என்ன பாடு படுத்தினீர்கள்? 2022 நவம்பரில் நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னால் வந்து நின்றபோது, முடிவைப் பற்றிப் பேச்சு வந்ததும் அந்த மனுசன் கண் கலங்கினார். பதினோரு வருசத்துக்கு மேல் மாசாமாசம் உட்கார்ந்து வரைந்தவன் தன் கதைக்காகக் கூனிக் குறுகி நிற்க வேண்டுமா? 1996இல் ‘எவாஞ்சலியன்’ அனிமே முடிந்தபோது அதை எடுத்த ஹிதேயாகி அன்னோவுக்கும் இதுதான் நடந்தது. அவருக்கு வந்த வசைக் கடிதங்களை 1997இல் எடுத்த படத்திலேயே காட்டிவிட்டார். அன்றைக்குக் கடிதம், இன்றைக்கு ஸ்டிக்கர். கதை உங்களைத் தட்டிக்கொடுக்காமல் கண்ணாடியைத் திருப்பினால் கல்லெடுத்து எறிவீர்கள். கண்ணாடியை வைத்திருந்தவன் மேலும் எறிவீர்கள். அதைப் பார்த்து அழுதவன் மேலும் எறிவீர்கள்.

எனக்கு இந்தக் கதையில் மறக்கவே முடியாத ஒருத்தர் உண்டு. எரன் இல்லை, மிகாசாவும் இல்லை. எரனின் கூட்டாளி சாஷாவின் அப்பா. மகளைச் சுட்டுக் கொன்ற குழந்தை காபி எதிரே நிற்கிறாள். பழி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையில் கத்தியைக் கொடுக்கிறார்கள். வேட்டைக்காரர் அவர், கத்தி பிடிக்கத் தெரியாதவர் இல்லை. அதை வாங்கிக் கீழே வைத்துவிடுகிறார். குழந்தைகளையாவது இந்தக் காட்டுக்கு வெளியே விட்டு வைப்போம், நம் தலைமுறையின் பகையை நாம் சுமப்போம் என்கிறார். அந்தக் காபியிடம்தான் அதற்கு முன்னால் அம்மாவைப் பூதத்துக்குப் பறிகொடுத்த காயா என்ற பெண் ஒரு கேள்வி கேட்டாள். என் அம்மா என்ன தப்பு செய்தாள், அவள் ஏன் அப்படிச் சாக வேண்டும் என்று. உன் முன்னோர் ஆயிரம் வருசம் அட்டூழியம் செய்தார்கள் என்று காபி பதில் சொல்லிப் பார்த்தாள். அது அவர்கள், என் அம்மா என்ன செய்தாள் என்று அவள் மறுபடியும் கேட்டாள். காபியிடம் பதில் இல்லை. அந்த இடத்திலேயே இந்தக் கதையின் முடிவு எழுதி முடிந்துவிட்டது. மிச்ச இருபது பர்சன்டையும் மிதித்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருந்திருக்காது. உங்களுக்கு வேண்டியது அதுதானே? கேள்வி கேட்கும் வாய் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதுதானே?

ஆமாம், எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. இன்னும் உரக்கச் சொல்லுவேன். பழி தீர்த்த சுகத்தைக் கொடுக்காமல், பழி வாங்கியவனை உச்சியில் உட்கார வைக்காமல், மிச்சமிருப்பவர்கள் கையில் வேலையைக் கொடுத்துவிட்டுப் போன கதை இது. எங்கள் வளவுப் பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டுவேன். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவேன்.

கடைசியாக உன்னிடம்தான் கேட்கிறேன் மாப்ள. இது உன் கைக்கு வரும், குரூப்பில் யாராவது கேலி செய்யவாவது போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மிச்சம் வைக்கக் கூடாது என்றாயே, அந்த மிச்சம் யார்? அன்றைக்கு அந்தச் சாளையில் நீ மனசுக்குள் மிதித்து முடித்த இருபது பர்சன்டில் யார் யார் இருந்தார்கள்? ராம்ஸியும் காசு மூட்டையோடு ஓடிய அவன் கூடப்பிறந்தவனும் ஏற்கெனவே மிதிபட்டுவிட்டார்கள். காபி இருந்தாள்.

நான் இருந்தேனா இல்லையா? ஜோக்கு என்று சொல்லாதே. சாதியைக் கொண்டு வராதே என்று சொல்லாதே. இருந்தேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.